இடுப்பில் இருந்த குழந்தை

ஜவ்வாது மலை,
ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் சந்திரனுக்கு அம்மா செல்லியம்மாள் எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் ஆடு மாடுகளும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுத வந்தேன், பேனா நகரவில்லை. நீ அங்கே குடகில் வேளைக்குச் சாப்பிட்டு, மழையில் நனையாமல், உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கவேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கும்பிட்டுக்கொள்கிறேன்.

போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. காப்பித் தோட்டத்தில் டவர் கிடைக்காது என்று முதலில் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். உன் அப்பா அடித்தால் மட்டும் டவர் கிடைக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. அதனால் கடிதம். எட்டாவது வரை படித்தவள், எழுதிப் பல வருஷம் ஆகிறது. கோணல் எழுத்தைப் பார்த்துச் சிரித்தாலும் சிரி. படித்து முடிக்காமல் கிழித்து மட்டும் போட்டுவிடாதே.

உன் தங்கை அன்பரசியைப் பெண் கேட்டுப் படவேட்டுக்காரர்கள் வந்த அன்றைக்கு நான் சொன்னதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நேராக அதற்கு வர எனக்குத் தைரியம் இல்லை. கொஞ்சம் ஊர்ப்பேச்சு பேசிவிட்டு வருகிறேன், பொறுத்துக்கொள்.

சாமை விதைத்தாயிற்று. இரண்டு மழை நன்றாகப் பெய்தது. மேல்காட்டுப் பலாமரத்தில் கரடி ஏறி, பழுத்ததையெல்லாம் தின்றுவிட்டுக் காயைக் கீழே தள்ளிவிட்டுப் போயிருக்கிறது. உன் அப்பாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் போன வாரமே போய்வந்துவிட்டதாகப் பொய் சொல்கிறார். பொய் சொல்லக்கூடத் தெரியவில்லை அவருக்கு, மாத்திரை எங்கே என்று கேட்டால் முழிக்கிறார்.

அடுத்தது அந்த ஏழரை மணி சீரியல். போன வருஷம் காரில் இரண்டு பேர் வந்து, வெள்ளையம்மாள் அத்தையைப் பாடவைத்து எல்லாவற்றையும் பதிந்துகொண்டு போனார்கள் இல்லையா, அது இதற்குத்தானாம். நம் பூவாயி, கட்டையன் கதையை டிவியில் காட்டப்போகிறார்கள் என்றதும் ஊரே சோற்றை முன்கூட்டியே ஆக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தது. நானும்தான். புதுச்சேலை கட்டாத குறை.

உனக்குத் தெரியாத கதையா. நான் களை எடுக்கும்போது உன்னை மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டுப் பாடிய கதைதானே. கட்டையன் குள்ளன், ஒரு காலை இழுத்து நடப்பவன், தேன் எடுக்கிறவன். பூவாயி வாயாடி. கட்டின புருஷனோடு ஒத்துவராமல், இடுப்பில் பிள்ளையோடு அவனிடம் வந்தவள். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு, ஒரு ஆட்டுக்குட்டிக்காகப் பாட்டு முழுக்க வம்பு பேசிக்கொண்டு குடித்தனம் நடத்தியவர்கள். அந்த வம்புக்காகத்தான் நமக்கு அவர்களைப் பிடிக்கும்.

டிவியில் வந்த கட்டையன் ஆறடி உயரம். குதிரையில் வருகிறான். நம் பாதையில் குதிரை ஏறுமா? தேன் எடுக்கிறவன் முகத்தில் ஒரு தேனீ கொட்டின தடம்கூட இல்லை, மாவு பூசின மாதிரி இருக்கிறான். பூவாயி அரண்மனையில் பிறந்த இளவரசியாம். அவனைப் பிரபு என்று கூப்பிட்டு, பேச்சுக்குப் பேச்சு அழுகிறாள். அவளும் ஒரு தடவையாவது அவனைத் திட்டுவாள் என்று நான் வாரக்கணக்கில் காத்திருந்தேன். திட்டவே இல்லை. இது எங்கள் பூவாயி இல்லை என்று எனக்கு மனசு விட்டுப்போயிற்று. வெள்ளையம்மாள் அத்தை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். ‘கொயந்த எங்கடி? இடுப்புல இருந்த கொயந்தைய எங்க போட்டுட்டு வந்தா இவ?’ என்று கேட்டுவிட்டு, டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வெற்றிலை போட ஆரம்பித்துவிட்டார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒரு நாள் கட்டையனின் அம்மாவாக வருகிறவள், வேறொருத்தன் நிழல் பட்ட பெண் என் வீட்டு அடுப்பைத் தொடக்கூடாது என்றாள். உடனே இந்தப் பூவாயி எரிகிற நெருப்பில் கையை வைத்து, நான் யாரையும் ஏறெடுத்தும் பார்த்ததில்லை என்று சத்தியம் செய்தாள். ஒரே மேளமும் சங்குமாகப் போட்டார்கள். அன்றைக்குப் பக்கத்து வீட்டுச் சசிகலாவும் நம் வீட்டில்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் என்னைப்போல் முதல் புருஷன் வீட்டை விட்டு வந்தவள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டோம். சந்திரா, சத்தியமாகச் சொல்கிறேன், அதற்கு முன்னால் அந்த விஷயத்தில் நான் ஒரு நாளும் தலை குனிந்ததில்லை.

ஏன் குனிய வேண்டும்? உன்னைப் பெற்ற அப்பா ரங்கசாமி கெட்டவர் இல்லை, எனக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். ஊர் கூடிப் பேசி, பரியப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, நாலு பேர் அறிய, உன்னை வளர்த்த இவரோடு வந்தேன். ஊர் வழக்கப்படி பிள்ளை ரங்கசாமிக்குத்தான் சேர வேண்டும். நீ அப்போது நடக்கப் பழகியிருக்கவில்லை. இவர்தான் கூட்டத்தில் எழுந்து, பிள்ளையையும் சேர்த்துத்தான் கேட்கிறேன் என்று கேட்டு வாங்கினார். இன்றைக்கும் ரங்கசாமியைச் சந்தையில் பார்த்தால் சாமை என்ன விலை போகிறது என்று கேட்டுவிட்டுப் போவார். இதெல்லாம் நம் ஊரில் யாரும் மறைத்துப் பேசுகிற சமாசாரமே இல்லை.

இப்போது அதற்கு வந்துவிட்டேன்.

அன்பரசியும் அருள்மணியும் வேலூரில் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து விரும்பியதும், மலைக்காரப் பெண் வேண்டாம் என்று அவன் அம்மா பூங்கோதை ஒரு வருஷம் பிடிவாதமாக இருந்ததும் உனக்குத் தெரியும். அந்த அம்மாள் மனம் மாறியதற்குக் காரணம் என்ன தெரியுமா? இந்தச் சீரியல்தான். அதைப் பார்த்துவிட்டு, நம்மை ராஜ வம்சம், நெருப்பில் கை வைத்த பத்தினியின் வாரிசு என்று நினைத்துக்கொண்டுதான் மலை ஏறி வந்திருக்கிறார். வந்து உட்கார்ந்ததுமே எனக்கு அது புரிந்துபோயிற்று.

உன் அப்பா சம்பந்தி வடிவேலுவை நிலம் காட்டக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். அன்பரசி உள்ளே தலை சீவிக்கொண்டிருந்தாள். அருள்மணி அவன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நீ வாசலில் பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தாய். பூங்கோதை என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘உங்க மலையில பொம்பளைங்க ஒருத்தனத் தவிர இன்னொருத்தன கனவுலகூட நெனைக்க மாட்டாங்களாமே, இந்தக் காலத்துல யாருங்க அப்டி இருக்காங்க’ என்றார். நான் ஆமாங்க என்றேன். அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். நீ சுளைத் தட்டோடு உள்ளே வந்தாய். தம்பி யாரு என்று கேட்டார். தூரத்துச் சொந்தங்க, ஒத்தாசைக்கு வந்திருக்கான் என்றேன்.

என் வாயால்தான் சொன்னேன். யாரும் என்னைச் சொல்லவைக்கவில்லை. உண்மை தெரிந்தால் அன்பரசி கல்யாணம் நின்றுவிடும் என்று ஒரு நொடியில் பயந்தேன், அந்த ஒரு நொடியில் உன்னைக் கைவிட்டேன். நீ தட்டைக் கீழே போட்டிருந்தாலும் தாங்கியிருப்பேன். என்னை முறைத்திருந்தாலும் தாங்கியிருப்பேன். நீ தட்டை அவர் முன்னால் பதமாக வைத்துவிட்டு என்னிடம் திரும்பி, ‘இன்னும் சொள கொண்டாரட்டுங்களா அத்தை?’ என்று கேட்டாய்.

என் பொய்யைக் காப்பாற்றிக் கொடுத்தாய். அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த நாள் விடிந்ததும் நீ முதல் ஜீப்பில் போய்விட்டாய், லீவு இன்னும் பாக்கி இருந்தது. அடுப்படியில் நின்றுகொண்டே நீ பை எடுத்ததைப் பார்த்தேன். வெளியே வந்து தடுக்க எனக்கு முகம் இல்லை. பெற்ற பிள்ளையை இல்லை என்று சொன்னவள் எந்த வாயால் போகாதே என்பாள்?

உன் அப்பாவிடம் நானே சொன்னேன். மனுஷர் குரலை உயர்த்தவில்லை. ‘அவன் எம் புள்ள. அத்தன பேர் முன்னால நின்னு கேட்டு வாங்கினவன் நானு. இல்லன்னு சொல்ல நீ யாரு?’ என்றார். அதற்கப்புறம் வேண்டியதற்கு மட்டும்தான் பேசுகிறார். வெந்நீர், உப்பு, ஆடு. எங்கள் கல்யாணத்துக்குப் பின் இவ்வளவு நாள் அவர் வாய் மூடி நான் பார்த்ததில்லை.

அன்பரசிக்குப் போன் செய்து அழுதேன். அவள் சொன்னதைக் கேட்டு இன்னும் குறுகிப்போனேன். உன்னைப் பற்றி, என்னைப் பற்றி எல்லாவற்றையும் பழக ஆரம்பித்த வருஷமே அருள்மணியிடம் சொல்லிவிட்டாளாம். எங்கண்ணன் என்று உன் போட்டோவைக் காட்டியிருக்கிறாளாம். ‘நானே மறைக்கலையேம்மா, நீ எதுக்கு மறைச்ச?’ என்று கேட்டாள். அவனும் உன்னிடம் பேச வேண்டும் என்றிருந்தானாம், அன்றைக்கு வீட்டில் நடந்ததைப் பார்த்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் பேசாமல் இருந்துவிட்டானாம். ஆக, வெட்கப்பட்டது நான் ஒருத்திதான். பிள்ளைகளுக்கு இருக்கிற தெளிவு எனக்கு இல்லாமல் போயிற்று.

அதனால் ஒரு காரியம் செய்தேன். யாரிடமும் சொல்லாமல் போளூர் பஸ் ஏறி, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் படவேட்டுக்குப் போனேன். சாமை அரிசி கொஞ்சம் எடுத்துக்கொண்டேன், வெறுங்கையோடு போகக்கூடாதே. பூங்கோதை வீட்டில் அதே சீரியலை மத்தியானம் மறுபடி போட்டுக்கொண்டிருந்தார்கள். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் பேச்சு வராது என்று நின்றுகொண்டே சொன்னேன். அன்றைக்குப் பழம் அறுத்துக் கொடுத்தவன் என் மூத்த மகன், என் முதல் புருஷனுக்குப் பிறந்தவன், இவர் எனக்கு இரண்டாவது, எங்கள் பாட்டில் வருகிற பூவாயியும் அப்படி வந்தவள்தான், டிவியில் காட்டுவது வேறு யாரோ என்றேன்.

அந்த அம்மாள் டிவி சத்தத்தைக் குறைத்தார். ‘இத்த அன்னிக்கே சொல்லியிருந்தா இன்னாங்க? பெத்த புள்ளய யாராச்சும் வேலைக்காரன் மாதிரி சொல்வாங்களா?’ என்று கேட்டார். என்னைக் கொட்டியது அதுதான். இரண்டாவது புருஷன் என்றதற்கு அவர் முகம் சுளித்தாரா என்றுகூட எனக்கு நினைவில்லை. காப்பி கொடுத்தார், குடித்தேன். வூட்டுப் பெரியவங்களக் கலந்துட்டுச் சொல்றோம் என்றார். வாசல் வரை வரவில்லை.

இன்னும் ஒரு தகவலும் வரவில்லை. அன்பரசி தைரியமாக இரு என்கிறாள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. பெண் வாழ்க்கையை என் வாயாலேயே கெடுத்துவிட்டேனோ என்று பஸ்ஸில் வரும்போது முழுக்க யோசித்தேன். ஆனாலும் போய்ச் சொன்னதற்காக வருத்தப்படவில்லை. வெட்கம் உன் முன்னால் மட்டும்தான் பாக்கி இருக்கிறது.

அவர்கள் சரி என்றால் ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டு, மாலை போட்டுப் பந்தலுக்கு அழைத்துவர மச்சான் வேண்டும். சித்தப்பா மகன் வெற்றிச்செல்வனை நிறுத்திக்கொள்ளலாமே என்று யாரோ சொன்னதற்கு, என் பெரிய மகன் இல்லாமல் பந்தல்கால் நட மாட்டேன் என்று உன் அப்பா சொல்லிவிட்டார். அன்பரசியும் அதையேதான் சொல்கிறாள். நான் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, அவர்கள் சொன்னதை எழுதுகிறேன்.

அவர்கள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாலும் நீ வா. கல்யாணத்துக்காக மட்டும் கூப்பிடுகிறேன் என்று நினைக்காதே. மன்னித்துவிடு என்று எழுதினால் அது ஒரு வார்த்தை, சுலபமாக எழுதிவிடலாம். நான் உன்னிடம் கேட்பது அது இல்லை. உன் கோபம் நியாயமான கோபம், அதை அங்கே தனியாகச் சுமந்துகொண்டு இருக்காதே. இங்கே கொண்டுவா. பஸ்ஸை விட்டு இறங்கி, நம் தெருவில் நாலு பேர் இருக்கும்போது வந்து, வாசலில் நின்று என்னைத் திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. அம்மா என்று கூப்பிட்டுத் திட்டு.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், சாமி.

உன்னைப் பெற்றவள்,
செல்லியம்மாள்