பொடி கலந்த பட்டை

பிரியமானவளுக்கு,

பக்கத்துக் கட்டடத்திலிருந்து நீயும் பொடிக்காரரும் அனுப்பிய பிளாஸ்டிக் பட்டைகளை இன்று இழுத்துப் பார்க்கும் இயந்திரத்தில் மாட்டினேன். 'நானோ' எனும் நுண்பொடியில் ஆராய்ச்சி செய்பவரை அப்படிச் சொன்னால் உனக்குப் பிடிக்காது. தெரியும்.

போன மாதம் நாம் இருவரும் வார்த்த பட்டையில் பிளாஸ்டிக்கும் கண்ணாடி இழையும் மட்டும்தான். அது உடைந்த இடத்தில் இழைகள் தலைமுடி போல உருவிக்கொண்டு நின்றன. பிளாஸ்டிக் அவற்றைப் பிடித்துக்கொள்ளவே இல்லை.

உங்கள் பட்டையில் பொடி கட்டிகட்டியாகத் திரண்டிருக்கும், அங்கேயே முறியும் என்று காத்திருந்தேன். முறியவில்லை. நம்முடையதைவிட வெகுவாகத் தாங்கியது. கடைசியில் இழையும் பிளாஸ்டிக்கும் ஒன்றாகவே உடைந்தன. ஒரு சிட்டிகைப் பொடி அவற்றை அப்படிச் சேர்த்து வைத்திருக்கிறது.

மதியம் போனில் கேட்டாய். "என்னங்க, தாங்குச்சா?"

"பரவாயில்ல."

"குரலே சரியில்லையே. வயிறு எரியுதா?"

"காலையில சாப்பிடல, அதான்."

உன் பின்னால் அவர் சிரிப்பது கேட்டது.

இது தேறினால் நீங்கள் இருவரும் ஆறு மாதம் அந்த வெளியூர்த் தொழிற்சாலையில் இருக்க வேண்டும். அளவுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, உள்ளதை உள்ளபடி அனுப்பிவிட்டேன்.

பரணிலிருந்து உன் பெரிய பெட்டியை இறக்கினேன். கைப்பிடி ஆடியது, ஒட்டியிருக்கிறேன். சீக்கிரம் காயும் பசையும் வீட்டில் இருந்தது. மெதுவாகக் காய்வதைத்தான் போட்டேன்.

உன் வீட்டுக்காரன்