எதிர்க்கட்சியில் உட்கார்ந்தவளுக்கு

இன்று மதியம் சேலத்திலிருந்து உங்கள் ஊருக்கு வந்த பஸ்ஸுக்கு முன்னால், புதிதாகப் பாடி கட்டிய லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. நம்பர்கூட இன்னும் எழுதவில்லை. பெயின்ட்டும் தின்னரும் அறுத்த பலகையும் சேர்ந்த அந்த வாசனை ஜன்னல் வழியே ஏறியதும், உங்கள் லாரி பாடி கட்டும் பட்டறைக்கு மேலிருந்த அறையில், "கதவச் சாத்து புள்ள, கருந்துளைக்கும் சேத்துப் பெயின்ட் அடிச்சுருவாங்க" என்று நீ சொன்னது நினைவுக்கு வந்துவிட்டது. தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

என் பையில் இரண்டு படங்கள் இருந்தன. அவற்றை உன் அப்பாவிடம் காட்டத்தான் புதுச்சத்திரம் வந்தேன். உன்னிடம் காட்ட முடியாது என்பதால் அவரிடம். இப்படி எழுதினால் நீ முகத்தைச் சுளிப்பாய், ஆனால் உண்மை அதுதான்.

வாழப்பாடிக்காரியும் புதுச்சத்திரத்துக்காரியும் ஒரே கல்லூரியில் இயற்பியல் படித்து, ஒரே ஆய்வுக் குழுவில் சேர்ந்து, ஒரே கருந்துளையைத் துரத்தியது நினைத்தால் இன்றும் வேடிக்கைதான். அந்தக் கருந்துளையைச் சுற்றி ஒரு நட்சத்திரம். நட்சத்திரத்தின் வாயுவைக் கருந்துளை இழுக்கிறது. அது சுழன்று சூடேறி எக்ஸ் கதிர்களாக ஒளிர்கிறது. வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும் ஜோடி, திடீரென்று ஒருநாள் விழித்துக்கொள்ளும். அந்தச் சில மாதங்களில், உள்ளே விழ வேண்டியதில் ஒரு பங்கு விழாமல், இரண்டு எதிர்த் திசைகளில் தாரையாகப் பீய்ச்சியடிக்கும். வேகம் ஒளியின் வேகத்துக்குப் பக்கத்தில். ரேடியோ தொலைநோக்கியில் நாம் தேடியது அந்தத் தாரைகளைத்தான். எல்லாவற்றையும் விழுங்குவதாகப் பெயரெடுத்த ஒன்று எப்படி இவ்வளவு தூரம் துப்புகிறது என்பது உனக்குக் கடைசிவரை தீராத ஆச்சரியம். "பேரு ஒன்னு, பொழப்பு ஒன்னு" என்பாய்.

சேர்ந்த புதிதில் நாம் செய்த கூத்து ஞாபகம் இருக்கிறதா? ஒருநாள் பதிவில் நம் மூலத்தின், அதாவது அந்தக் கருந்துளை ஜோடியின், பிரகாசம் மணிக்கு மணி ஏறி இறங்கியது. கருவியின் கோளாறு என்று இருவருமே முடிவு கட்டினோம். மூலம் மாறவே இல்லை என்று வைத்துக்கொண்டு பதிவைத் திருத்தினோம். படம் கண்ணாடி மாதிரி வந்தது. ஆளுக்கு ஒரு டீ சொல்லிக் கொண்டாடினோம். பிறகுதான், அதே நாளில் வேறு குழுவினரும் அந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்திருப்பது தெரிந்தது. தாரை கிளம்பியதற்கு அடையாளமே அதுதான். நாம் அதைத் துடைத்தெடுத்துவிட்டு, துடைத்த இடம் பளபளக்கிறது என்று மெச்சிக்கொண்டிருந்தோம். திருத்தாத பழைய பதிவு பத்திரமாக இருந்ததால் மானம் தப்பியது.

அன்று நீ ஒரு சட்டம் போட்டாய். "ரெண்டு பேருக்கும் படம் புடிச்சுப் போச்சு, கேள்வி கேக்க ஆளில்ல. இனிமே ஆசப்படறவ எதிர்க்கட்சியில உக்காரணும்." அதன்பிறகு எந்த முடிவு வந்தாலும், அது உண்மையாக இருக்கவேண்டும் என்று யாருக்கு ஆசையோ அவள் அதற்கு எதிராகப் பேசவேண்டும். நம்பாதவள் அதற்காக வாதாட வேண்டும். குழுவில் மற்றவர்கள் நம்மைப் பார்த்துச் சிரித்தார்கள். நமக்கு அது பழகிப்போய், சினிமாவுக்குப் போவதா வேண்டாமா என்பதைக்கூட அப்படியே பேசித் தீர்த்தோம்.

பிறகு உனக்கு உடம்புக்கு முடியாமல் போனது. சிகிச்சைக்குச் சேலம் பக்கம் என்று நீ ஊரோடு வந்துவிட்டாய். நானும் அதற்குள் சேலத்தில் வேலைக்கு வந்திருந்தேன். உங்கள் மாடி அறையிலேயே வேலையைத் தொடர்ந்தோம். மற்ற நாட்களில் கீழே வெல்டிங் ஆரம்பித்தால் வோல்டேஜ் இறங்கி, யுபிஎஸ் கத்தி, கம்ப்யூட்டரில் பாதி ஓடிய கணக்கு படுத்துவிடும். பட்டறைக்கு லீவு விடும் ஞாயிற்றுக்கிழமைதான் நமக்கு வேலை நாள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான், கருந்துளைக்குச் சற்றுத் தள்ளி அந்தச் சின்னப் புள்ளி தெரிந்தது.

தாரையிலிருந்து பிரிந்து போகும் துண்டு என்று உனக்கு ஆசை. அதை நீ சொல்லவேயில்லை. நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு எதிர்க்கட்சியில் உட்கார்ந்ததிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பின்னால் எங்கோ கிடக்கும் தூரத்து விண்மீன் திரள் தற்செயலாக அந்தத் திசையில் தெரியலாமே என்றாய். நகர்ந்தால் ஒழிய அது வெறும் புள்ளிதான் என்றாய். தாரைகள் ஜோடியாகத்தானே கிளம்பும், இதன் ஜோடி எங்கே என்றாய். ஒன்று நம்மை நோக்கி வருகிறது, மற்றது விலகிப் போகிறது. விலகுவதன் ஒளி மங்கலாகவும் இருக்கும், பிந்தியும் வரும் என்று நான் சட்டப்படி வாதாடினேன். "வந்ததுக்கப்பறம் பேசு. வராததுக்கு வக்காலத்து வாங்காத" என்றாய்.

நிஜத்தில் எனக்கு அந்தப் புள்ளிமேல் நம்பிக்கையே இல்லை. ஆனால் உன் தலையில் கட்டியிருந்த துணியைப் பார்க்கப் பார்க்க, நீ ஜெயித்துவிடக் கூடாது என்றிருந்தது. நீ எதிர்த்துப் பேசி ஜெயித்தால் உன் புள்ளி போய்விடுமே. வாதத்தில் நான் சட்டத்துக்கு மேலேயே கொஞ்சம் உருகிவிட்டேன் போலிருக்கிறது. கண்டுபிடித்துவிட்டாய். "என்னப் பாத்துப் பாவப்பட்டு அதத் தாரையாக்காத புள்ள. பாவப்பட்டா அது நகந்துராது." எனக்கு அப்போது அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. அந்தச் சமயம் பார்த்து உன் அப்பா டீயோடு படியேறி வந்தார். அது ஒன்றுமே இல்லை என்று நீ சத்தமாக முடித்துக்கொண்டிருந்தாய். அவர் டீயை வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

நீதான் ஜெயித்தாய். கட்டுரையில் அந்தப் புள்ளிக்கு ஒரு வரிகூட இல்லை. கட்டுரை வெளிவந்தபோது நீ இருந்தாய். திரும்பவும் அதே இடத்தைப் பார்க்கத் தொலைநோக்கியில் நேரம் கிடைத்தபோது இல்லை.

போன வாரம் அந்தப் பதிவு வந்தது. மூலத்தின் பிரகாசத்தில் கை வைக்காமல் படமாக்கினேன். பழைய படத்தில் புள்ளி இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அதே கோட்டில் இன்னும் தள்ளி ஒரு புள்ளி. எதிர்ப்பக்கம், கருந்துளைக்குச் சற்றுக் கிட்டத்தில், மங்கலாக இன்னொன்று. உன்னைக் கூப்பிட போனைக் கையில் எடுத்துவிட்டேன். அவ்வளவு தூரம் உன்னை மறந்திருந்தேனா, நினைத்திருந்தேனா என்று தெரியவில்லை.

இன்று பட்டறையில் ஒரு பலகையின் மேல் இரண்டு படங்களையும் விரித்து உன் அப்பாவுக்குச் சொன்னேன். குனிந்து கேட்டுக்கொண்டிருந்தவர், கடைசியில் நிமிர்ந்து கேட்டார்.

"அன்னைக்கு மாடில ஒன்னுமில்லீன்னு அவதானுங்களே சத்தம் போட்டா? அப்ப எம்பட புள்ள சொன்னது தப்புங்களா சாமி?"

இத்தனை நாளாக அவர் எதைச் சுமந்துகொண்டிருந்தார் என்று அப்போதுதான் புரிந்தது. கடைசி வருடத்தில் நீ பாடுபட்டதெல்லாம் ஒன்றுமில்லாததற்குத்தான் என்று அவர் நினைத்திருக்கிறார்.

"சொன்னதுதாங்கப்பா தப்பு. ஆசைப்பட்டது சரின்னுதான் எனக்குத் தோணுது" என்றேன்.

அவருக்கு நம் சட்டத்தை விளக்கினேன். ஆசைக்கு எதிராகப் பேசுவதற்காகத்தான் அன்று நீ அப்படிப் பேசினாய் என்றேன். இப்போது ஆசைப்படுகிறவள் நான், அதனால் எதிர்க்கட்சியில் நான்தான் உட்காரவேண்டும், புள்ளிக்காகப் பேசத்தான் ஆளில்லை என்றும் சொன்னேன். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார்.

"அவ பக்கம் பேசறதுக்கு நானிருக்கறனுங்க. கேளுங்க சாமி."

விளையாட்டில்லை என்று அவர் முகத்தில் தெரிந்தது. ஆகவே நானும் ஒழுங்காகவே கேட்டேன். பழைய புள்ளி மங்கி அணைந்துபோய், இது சம்பந்தமில்லாத வேறொன்றாக இருக்கலாம் அல்லவா? அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"அவ அரையுங்கொறையுமா எதுக்கும் ஆசப்பட மாட்டாளுங்க" என்றார்.

அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நீயாக இருந்தால் அப்பா என்றும் பார்க்காமல் சொல்லியிருப்பாய். நான் சொல்லவில்லை. படங்களை அவரிடம் கொடுத்துவிட்டு, சொல்லாத அந்த ஆட்சேபத்தை மட்டும் என்னோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.