உன் அறையில் தங்கியிருப்பவர்கள்

அன்பு மகனுக்கு,

ஆண்டவரின் தயவால் நானும் உன் அம்மாவும் சுகம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. காலையும் மாலையும் ஜெபத்தில் உன் பெயரைத்தான் முதலில் சொல்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது யாரோ ஒரு பெண் எடுத்து, "நீங்க யாரு?" என்று கேட்டாளாம். பின்னால் ஒரு குழந்தை வேறு அழுததாம். நீ வைத்துவிட்டாய். பிறகு நாங்கள் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னபோது, "என் ரூமை யாருக்கோ குடுத்துட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாய். அன்றிலிருந்து உன் அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போனில் பேசினால் அவள் அழுவாள், நான் நடுவில் ஏதாவது கிண்டல் செய்து காரியத்தைக் கெடுப்பேன். அதனால்தான் கடிதம்.

நம் தெருமுனை ஆஸ்பத்திரி உனக்குத் தெரியும். உள்ளே நோயாளிக்குக் கட்டில் உண்டு. கூட வந்தவர்களுக்குச் சுவரோரம் நடைபாதைதான். நம் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போகும்போதும் வரும்போதும் அவர்களைத் தாண்டித்தான் போகிறேன். ஊருக்கெல்லாம் பார்வை சரிபார்க்கிற என் கண்ணில் அவர்கள் படவே இல்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம் மழை கொட்டித் தீர்த்தது. ஜெபக்கூட்டத்துக்குப் போன உன் அம்மா, ஒரு பெண்ணையும் அவள் இடுப்பில் இருந்த பையனையும் குடைக்குள் இழுத்துக்கொண்டு வந்து நின்றாள். குடை அவர்களுக்கு. இவள் தொப்பலாக நனைந்திருந்தாள். அந்தப் பெண்ணின் புருஷன் பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து, ஆபரேஷனுக்காகக் காத்திருந்தான். ஊர் தூரம். இங்கே தெரிந்தவர் யாருமில்லை.

உன் அம்மா நேராக என்னிடம் கையை நீட்டி உன் அறைச் சாவியைக் கேட்டாள். "அது பையன் ரூம். நாளைக்கே அவன் வந்து நின்னா எங்க படுப்பான்?" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். "வாங்க ஆண்டவரேன்னு கோயில்ல தொண்டை கிழியப் பாடுறோம். இப்ப வந்து நனைஞ்சுகிட்டு நிக்கிறார். இடமில்லன்னு நீங்களே சொல்லிடுங்க, என்னால முடியாது" என்றாள். சாவியைக் கொடுத்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே போய் அடுப்பில் பால் வைத்தேன். பூட்டியே கிடந்ததில் தாழ்ப்பாள் துருவேறி, திறக்கவே பெரும்பாடாகிவிட்டது.

மறுநாள் அந்தப் பெண் தயங்கித் தயங்கி, "நாங்க உங்க கோயிலுக்கு வரணுமாம்மா?" என்று கேட்டாள். "முதல்ல சாப்பிடு, ஆறிப்போகுது" என்றாள் உன் அம்மா. அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. ஆபரேஷன் அன்று அந்தப் பெண் தன் சாமியை வேண்டிக்கொண்டாள், நாங்கள் முழங்காலில் நின்றோம். நடுவில் பொடியன் என் முதுகில் ஏறிக் குதிரை ஓட்டினான். ஆமென் சொல்வதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது.

அந்தப் பொடியன் பெரிய போக்கிரி. கடையிலிருந்து கண்ணாடியில்லாத ஒரு காலி ஃப்ரேம் கொடுத்தேன். அதை மாட்டிக்கொண்டுதான் சாப்பிடுகிறான், தூங்குகிறான், குளிக்கவும் கழற்றுவதில்லை. அவன் அம்மாவோ சமையலறையைத் தலைகீழாக மாற்றிவிட்டாள். உப்பு ஜாடி எங்கே இருக்க வேண்டும் என்று அவளுக்கும் உன் அம்மாவுக்கும் தினம் சண்டை. சண்டை முடிந்ததும் இரண்டு பேரும் சிரிக்கிற சிரிப்பு வாசல் வரை கேட்கிறது. உன் அம்மா இப்படிச் சிரித்து நான் கேட்டு எவ்வளவு காலமாயிற்று!

நம் சபைப் பொருளாளரை ஞாபகம் இருக்கிறதா? "முன்பின் தெரியாதவங்க, பீரோவைப் பூட்டிவைங்க" என்று புத்தி சொல்ல வந்தார். பொடியன் அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, வந்த மனுஷனை எழுந்திருக்கவே விடவில்லை. இப்போது அவர் வீட்டு மாடியில் ஒரு கிழவர் தங்கியிருக்கிறார், மனைவிக்கு வைத்தியம் பார்க்க வந்தவர். கேரம் ஆட்டத்தில் கிழவர் தினமும் தன்னைத் தோற்கடிக்கிறார் என்று பொருளாளர் கோயிலில் எல்லாரிடமும் புலம்புகிறார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நேற்று பெயிண்டர் ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தான். நம் சுவரையெல்லாம் அண்ணாந்து பார்த்தான். "கால் சரியானதும் வந்து வீடு முழுக்கப் பெயிண்ட் அடிச்சுத் தர்றேன் ஐயா" என்றான். "முதல்ல நேரா நடப்பா" என்றேன். இருவருக்கும் கண் கலங்கிவிட்டது. பொடியன் மட்டும் அப்பாவின் ஊன்றுகோலைப் பிடுங்கப் பார்த்தான்.

அடுத்த வாரம் அவர்கள் கிளம்புகிறார்கள். அடுத்து யாருக்கு இடம் வேண்டும் என்று ஆஸ்பத்திரி நர்ஸம்மாவிடம் கேட்டுவைக்க உன் அம்மாவுக்கு ஆசை. ஆனால் நீ சரி சொல்லாமல் கேட்க மாட்டாள். உன்னிடம் கேட்கவும் பயப்படுகிறாள். அதனால் நான் கேட்கிறேன். எனக்கும் ஆசைதான். கடையை மூடிவிட்டு வரும்போது வீட்டுக்குள் மனுஷக் குரல் கேட்பது நன்றாக இருக்கிறது. உன் புத்தகங்களும் கிட்டாரும் எங்கள் அறையில் பத்திரமாக இருக்கின்றன. தூசி தட்டுவது நான்தான்.

நீ வந்தால் கட்டில் உனக்குத்தான். அப்போது யார் தங்கியிருந்தாலும் ஹாலில் எல்லாரும் நெருக்கிப் படுத்துக்கொள்வோம். முன்கூட்டிச் சொல்லக்கூட வேண்டாம். லீவு கிடைப்பது கஷ்டம் என்பாய், தெரியும். இருந்தாலும் ஒரு தடவை கேட்டுத்தான் பாரேன்.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன்னைச் சுகமாக வீடு சேர்க்கட்டும்.

என்றும் உன் அன்புள்ள,
அப்பா