மூன்றாம் படியில் நான் வைத்த மண் சிலை

கல்கத்தா - 29
கார்த்திகை முதல் வெள்ளி

சௌபாக்கியவதி பத்மஜாவுக்கு அம்மாவின் ஆசீர்வாதங்கள். நீயும் மாப்பிள்ளை கிரீஷும் குழந்தை மதுவும் அந்தக் கிளாஸ்கோ குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நான் சௌக்கியம், உடம்பைப் பொறுத்தவரை அது உண்மை. ரத்த அழுத்தம் சொன்னபடி கேட்கிறது, முழங்கால்தான் மாடிப்படியில் தகராறு செய்கிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் பார்த்துக்கொள்கிறோமே, எதற்குக் கடிதம் என்று உனக்குத் தோன்றும். அந்த வீடியோவில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஒரு வாரம் மது பாலைக் கொட்டினாள், இன்னொரு வாரம் இங்கே கூரியர்காரன் மணி அடித்தான், பேச்சு எங்கேயோ போயிற்று. தடங்கல் வந்தபோதெல்லாம் எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஆகவே சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். ஆகஸ்டில் நீ இங்கே வந்திருந்தபோது பின்னறையில் செய்து வைத்துவிட்டுப் போன மண் சிலை இப்போது இல்லை. விஜயதசமியன்று பாபு காட் படித்துறையில் கங்கையில் கரைத்துவிட்டார்கள். கரைத்தவள் கீழ்வீட்டு ஷிப்ரா, எடுத்துக்கொண்டு போ என்று சொன்னவள் நான். அதற்குப் பிறகு நீ போனில் ‘அவ எப்படிம்மா இருக்கா, வெடிப்பு விடலையே’ என்று கேட்ட ஒவ்வொரு தடவையும் ‘இருக்கா, இருக்கா’ என்று நான் சொன்னது பொய்.

மது பிறந்ததிலிருந்து நீ மண்ணைத் தொடவில்லை என்பதும், இத்தனை வருஷம் கழித்துக் கை தானாக வேலை செய்தது இது ஒன்றில்தான் என்பதும் எனக்குத் தெரியாதது இல்லை. ஜனவரியில் வந்து முகத்தை முடித்து அச்சு எடுத்துக்கொண்டு போவேன், வசந்தத்தில் அங்கே ஒரு கண்காட்சியில் இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று நீ சொன்னபோது உன் குரல் எப்படி இருந்தது என்பதும் நினைவிருக்கிறது. புறப்படும்போது நீ சொன்னது இரண்டே விஷயம், பாலிதீனை எடுக்காதே, யாருக்கும் காட்டாதே. செய்யாதே என்ற இரண்டையும் நான் செய்தேன்.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன், சமாதானத்துக்காக அல்ல, தெரிந்துகொள்ள உனக்கு உரிமை இருப்பதால். உங்கள் ஊரில் இலை உதிர்வதைப் படம் எடுத்து அனுப்புகிறாயே, கான்வென்டில் எங்களுக்கும் அந்த மாதிரி ஓர் இங்கிலீஷ் பாட்டை மனப்பாடம் செய்ய வைத்தார்கள், பனியும் பழுத்த இலையுமாக. ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் ஓர் இலை உதிராது. இங்கே சரத் காலம் வேறு மாதிரி வருகிறது. மழை ஒரு நாள் நின்றுவிட்டு, வானத்தை யாரோ அலம்பிக் கவிழ்த்த மாதிரி ஆகிறது. கேட் ஓரத்துப் பவழமல்லி விடிகாலையில் நடைபாதை முழுவதும் கொட்டிக் கிடக்கிறது. பூஜைப் பந்தலுக்காகத் தெருவை அடைத்து மூங்கில் நடுகிறார்கள், ஒரு வருஷமாக வேலை வெட்டி இல்லாமல் கேரம் ஆடிக்கொண்டிருந்தவன்கூட ஏணி மேல் ஏறி எதையோ ஒட்டிக்கொண்டு நிற்கிறான். ஊர் முழுக்க எதையாவது செய்துகொண்டிருக்கும்போது சும்மா உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு வெட்கமாக இருக்கும். நம் கொலு வருஷா வருஷம் அதே பொம்மைகள், அதே வரிசை, நான் அதில் கறாராக இருப்பதைக் கேலி செய்து உன் அப்பாவே ‘உங்கம்மா கொலுவுல பெருமாள்கூட அனுமதி கேட்டுட்டுத்தான் திரும்பிப் படுக்கணும்’ என்பார். இந்த வருஷம் எனக்கும் புதிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று இருந்தது. எனக்குச் செய்ய வராது, அதனால் நீ செய்ததை எடுத்தேன்.

கொலுப் பலகைகள் பின்னறையில்தானே இருக்கின்றன, எடுக்கப் போனேன். புரட்டாசி ஈரத்தில் வெடித்திருக்குமோ, பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்றுதான் பாலிதீனை விலக்கினேன். முதலில் என் புத்திப்படி குற்றம் கண்டுபிடித்தேன், இடது கை நீளம் அதிகம் என்று. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்த வாசனை வரும்வரை எழுந்திருக்கவில்லை. ஒரு முழங்காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறாள், மடியில் ஏதோ வேலை இருக்கிறது, யாரோ கூப்பிட்டுப் பாதியில் திரும்புகிறாள், அப்படித் திரும்புகிறவள் பின்னால் கையை ஊன்றினால் அந்தக் கை அவ்வளவு நீளமாகத்தான் தெரியும். யார் கூப்பிட்டது என்று எனக்கு விளங்காமல் இல்லை. நீ வேலை செய்த நாட்களில் காபி ஆறுகிறது, இஸ்திரிக்காரன் வந்திருக்கிறான், புடலங்காயா பூசணிக்காயா என்று சமையலறையிலிருந்து நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். கதவைத் தட்டாமல் உள்ளே வந்தேன். அந்த மாதிரி வேலை எல்லாம் மற்ற வேலைகள் முடிந்த பிறகு மீதி நேரத்தில் செய்வது என்பது என் எண்ணம். மற்ற வேலைகள் என்றைக்கு முடிந்திருக்கின்றன!

அங்கேயே மூடி வைத்திருக்க வேண்டும். ஆனால் வித்யா மாமி போன வருஷம் இதே கொலுவில் எல்லார் எதிரிலும் ‘உங்க பத்மஜா இன்னும் அந்தக் கம்ப்யூட்டர் ஆபீஸ்லதான் இருக்காளா, அவ்வளவு படம் போடுவாளே, எல்லாம் கல்யாணத்தோட சரியாப்போச்சா’ என்று கேட்டது என் நெஞ்சில் முள்ளாக இருந்தது. பதில் சொல்ல வேண்டும் என்ற அகங்காரத்தில் சிலையை மூன்றாம் படியில் நடுவில் வைத்தேன். வெறும் மண்ணாக மற்ற பொம்மைகளுக்கு நடுவே மூளியாகத் தெரிந்தது. ஒரு பச்சைப் பட்டுத் துண்டைச் சாத்தினேன். நீ முகம் வைக்காமல் விட்டிருந்த இடத்தில் குங்குமப் பொட்டு வைத்தேன். நினைத்தால் இப்போதும் கை கூசுகிறது. வித்யா மாமி வந்தாள், மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ‘இது எந்த அம்பாள், மூஞ்சிக்கு மட்டும் லீவு குடுத்திருக்கேளா’ என்றாள். என் பெண் பண்ணினது என்றேன். ‘எந்த அம்பாள்னு கேட்டேனே’ என்றாள் மறுபடியும். இன்னும் பெயர் வைக்கவில்லை என்று சொல்லிச் சுண்டலைக் கையில் கொடுத்தேன். நான் எதிர்பார்த்த பாராட்டு யாரிடமிருந்தும் வரவில்லை. கீழ்வீட்டு ஷிப்ரா ஒருத்திதான் தினமும் சாயங்காலம் மேலே வந்து, புடவைத் தலைப்பைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு அந்தச் சிலை முன்னால் தலையைத் தரையில் வைத்துக் கும்பிடுவாள். ‘கூப் ஷாந்தோ மா, திதி’ என்பாள், ரொம்ப சாந்தமான தாய், அக்கா என்று. அவளை நான் திருத்தவில்லை. என் பெண் செய்ததைப் பார்த்து ஒருத்தி கண்ணில் நீர் விடுகிறாள், விடட்டுமே என்று பெருமையாகத்தான் இருந்தது.

தசமியன்று சாயங்காலம் நீ நமஸ்காரம் சொல்லக் கூப்பிட்டிருந்தாய். ஆபீஸ் மெயிலும் மதுவின் ஸ்கூல் குரூப்பும் மூச்சு விட விடவில்லை, பென்சிலை எடுத்தாலே போன் அடிக்கிறது என்று நீ சொல்லிக்கொண்டிருந்தாய். நான் உபதேசம் செய்துகொண்டிருந்தேன், மனசு இருந்தால் போனைத் தூரப் போட்டுவிட்டு உட்காரலாம், எல்லாம் ஒழுங்கு இல்லாததால் வருவது என்று. அப்போதுதான் ஷிப்ரா முகமெல்லாம் சிந்தூரமாகச் சிரித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். கீழே தெருவில் டாக் மேளம் அடிக்கிற சத்தம். அவள் ஏதோ கேட்டாள், நான் காதில் போனை வைத்துக்கொண்டே ‘ஹ்யா ஹ்யா, நியே ஜாவ்’, ஆமாம் ஆமாம், எடுத்துக்கொண்டு போ என்று கையை ஆட்டினேன். நீகூட ‘யாரும்மா’ என்றாய். ‘ஷிப்ராதான், பந்தலுக்கு எதையோ எடுத்துண்டு போறா, நீ சொல்லு’ என்றேன். நீயும் சொன்னாய், நானும் கேட்டேன். எனக்குப் பின்னால் அவள் அதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

ஒரு பொம்மையைப் படுக்க வைக்கலாம் என்று விளக்கோடு கொலு முன்னால் போனபோதுதான் மூன்றாம் படியில் இடம் காலியாக இருப்பதைப் பார்த்தேன். கீழே ஓடினேன், என் வயதில் ஓட்டம் என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். பந்தல் சிலைகளை ஏற்றிய லாரி போய்விட்டது. ஷிப்ராவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அந்தக் கூச்சலில் யார் எடுப்பார்கள். படியிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர்கள் திரும்பி வந்ததும் அவள் நேரே என்னிடம் வந்து, மாவிலையால் சாந்தி ஜலத்தை என் தலையில் தெளித்து, ‘ஷுபோ பிஜயா’ என்று விஜயதசமி வாழ்த்துச் சொல்லிக் காலைத் தொட்டாள். பெரிய பிரதிமையோடு சேர்த்துப் போட மனசு வரவில்லையாம், தனியாக இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தானே கையால் விட்டாளாம். ‘மற்ற பொம்மை எல்லாம் பெட்டிக்குள் போகும் என்று எனக்குத் தெரியும் திதி, இது இந்த வருஷத்து மண், பூஜை கொண்டவள், அவளை எப்படி வீட்டில் நிறுத்தி வைப்பது, அதனால்தான் உங்களைக் கேட்டுக்கொண்டு எடுத்துப் போனேன்’ என்றாள். அவள் புடவை இடுப்புவரை நனைந்திருந்தது. பூவும் குங்குமமும் வைத்தால் பச்சை மண் தெய்வமாகிவிடும், தெய்வமானால் தசமியன்று போக வேண்டும், அவர்கள் முறை அது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? பொட்டு வைத்தது என் விரல். அவள் கொடுத்த சந்தேஷ் இனிப்பை வாங்கித் தின்றேன்.

அது என்ன சிலை என்று இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. அந்தச் சிலையை அவளைப் போல நின்று பார்த்தவர் வேறு யாரும் இல்லை, அவளுக்கு இதில் எந்தப் பங்கும் கிடையாது. புனேயில் உன் அண்ணா ஜெய்ராமிடம் மட்டும் சொன்னேன். ‘காஞ்சு வெடிச்சு உதிர்ந்துடுத்துன்னு சொல்லிடும்மா, மண்ணுன்னா வெடிக்கத்தான் செய்யும், அவளும் நம்புவா, உனக்கும் கஷ்டம் இல்லை’ என்றான். கங்கை மண் கங்கைக்கே போய்ச் சேர்ந்தது என்று அழகாக வேறு ஒரு வார்த்தை சொன்னான். கேட்க நன்றாக இருந்தது, அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை. வெடித்தது என்று சொன்னால் நீ மண்ணைச் சரியாகப் பிசையவில்லை, உன் கை மறந்துவிட்டது என்று நீ நினைத்துக்கொள்வாய், பிறகு மண் பக்கமே போகமாட்டாய். அந்தப் பயம்தான் கடைசியில் என்னை எழுத வைத்தது. சிலை ஒரு மயிரிழை வெடிப்பு இல்லாமல் இருந்தது பத்மஜா. ஐப்பசி மழைக்கு முன்னால் கல் போல இறுகியிருந்தது. உன் கை ஒன்றையும் மறக்கவில்லை.

சிலை செய்கிறவர்கள் இருக்கும் குமார்டுலிக்குப் போய் அதே மண்ணை வாங்கி வைக்கலாமா என்று யோசித்தேன். அரிசி தீர்ந்தால் வாங்கி வைப்பது போல இருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுபடி செய்வதா வேண்டாமா என்பது உன் விஷயம், அதில் நான் கருத்துச் சொல்வதாக இல்லை. நான் செய்தது இவ்வளவுதான். பலகைகளையும் பழைய டிரங்குகளையும் பின்னறையிலிருந்து என் கட்டிலுக்கு அடியில் மாற்றிவிட்டேன். அந்தக் கதவுக்கு இத்தனை காலமாக உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது, அது எனக்கு ஒரு குறையாகத் தோன்றியதே இல்லை. லேக் மார்க்கெட்டில் ஒரு பித்தளைத் தாழ்ப்பாள் வாங்கிப் போட்டாயிற்று. ஜனவரியில் நீ வந்தாலும் வராவிட்டாலும் அது அங்கே இருக்கும்.

மதுவுக்குக் காதை மூடி அனுப்பு. மாப்பிள்ளையை ராத்திரி தயிர் சாப்பிட வேண்டாம் என்று சொன்னதாகச் சொல். பெருமாள் உங்கள் மூவரையும் நோய் நொடி இல்லாமல் வைக்கட்டும், உன் கை நிறைய வேலையும் அதற்கு இடைஞ்சல் இல்லாத பொழுதும் உனக்குக் கிடைக்கட்டும். இதைப் படித்தவுடன் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். போனை எடுத்து, ‘மண்ணுதானேம்மா, விடு, நீ அழாதே’ என்று என்னைத் தேற்ற ஆரம்பிப்பாய். தயவுசெய்து அதைச் செய்யாதே. கோபித்துக்கொள். எத்தனை நாள் வேண்டுமோ அத்தனை நாள் பேசாமல் இரு. அவ்வளவு கோபத்துக்குத் தகுதியான ஒன்றைத்தான் நீ செய்து வைத்திருந்தாய்.

உன் அம்மா,
சுந்தரவல்லி வீரராகவன்