உங்கள் கை உங்களுடையதாக இல்லாத நாட்கள்

இன்று காலை டாக்டரம்மா என்னை நாற்காலியில் மண்டியிடச் சொல்லி, குதிகாலுக்கு மேலே ரப்பர் சுத்தியலால் தட்டினாள். பாதம் துள்ளியது, திரும்பி வரத்தான் நேரமாயிற்று. "தைராய்டு மந்தமா இருக்கும் போலிருக்கு மாமி. உங்களுக்குச் சர்க்கரையும் இருக்கறதால ரெண்டையும் கவனமா பார்க்கணும்" என்றாள். நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி உங்களை நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். நீங்கள் ரயில்வே பட்டறையில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தீர்கள். அக்ரஹாரத்தில் நம் வீடு. கல்யாணமான நாளிலிருந்து என்னை ஒரு வார்த்தை கடிந்ததில்லை நீங்கள். உப்பில்லாத ரசத்தைக்கூட மௌனமாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவீர்கள்.

முதலில் சர்க்கரை வியாதி வந்தது. தாகம், இளைப்பு, குளியலறை வாசலில் எறும்பு. ஊசி போட நானே கற்றுக்கொண்டேன். கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைப்பேன். மருந்துப் புட்டி ஈர மணல் நிரப்பிய பானையில் இருக்கும். ஒரு வருஷம் நன்றாகவே போயிற்று. பிறகு மெல்ல மெல்ல வேறு ஆளானீர்கள். சித்திரை வெயிலில் கம்பளிச் சட்டை கேட்டீர்கள். முகம் ஊதியது, குரல் கரகரத்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து, உட்கார்ந்த இடத்திலேயே தூங்கினீர்கள். எல்லாம் சர்க்கரையால்தான் என்று நினைத்தோம். ஊசியின் அளவு மட்டும் மாறவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையல் முடியும் நேரம். வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். சட்டை நனைந்திருந்தது. "ஏன்னா, இப்படி வேர்த்துக் கொட்டறதே?" என்று கேட்டேன். பித்தளைச் சொம்பு பறந்து வந்து என் நெற்றியைப் பிளந்தது. கண்ணில் ரத்தம் இறங்குவதற்குள் என் கூந்தலைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினீர்கள். ஒரு முறையல்ல. அப்போது உங்கள் கண்களைப் பார்த்தேன். நான் யாரென்று அவற்றுக்குத் தெரியவில்லை. பிறகு நீங்களே தரையில் சரிந்தீர்கள். கைக்கு எட்டிய, சர்க்கரை போட்ட என் காபியைக் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் வாயில் ஊற்றினேன். சற்று நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, "நெத்தியில என்னடி ரத்தம்?" என்று பதறினீர்கள்.

அதற்குப் பிறகு அந்த வெறி அடிக்கடி வந்தது. என் விலாவில் உதைத்தீர்கள். ஜன்னல் கண்ணாடியைக் கையால் குத்தி உடைத்தீர்கள். பட்டறையில் பக்கத்து மேஜைக்காரரின் கன்னத்தை இரும்பு ஸ்கேலால் கிழித்தீர்கள். உங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"அண்ணாவுக்குப் புத்தி பேதலிச்சுடுத்து மன்னி. ஆஸ்பத்திரியில அடைக்கறதைத் தவிர வேற வழியில்லை" என்றான் உங்கள் தம்பி.

"அவர் அப்படிப்பட்டவர் இல்லை" என்றேன். வீங்கிய வாயால் அதைச் சொல்வது எனக்கே விநோதமாக இருந்தது.

அவன் கண்முன்னாலேயே ஒருநாள் அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு என்னைத் துரத்தினீர்கள். பின்னாலிருந்து உங்களைக் கீழே தள்ளினான் அவன். கிணற்றுக் கயிற்றால் முற்றத்துத் தூணில் கட்டினான். மிச்சமிருந்த ஈரக் கயிற்றை மடித்து அடித்தான். "அடிச்சாத்தான் அடங்குவார்" என்று அழுதுகொண்டே அடித்தான். உங்கள் முதுகில் தோல் உரிந்தது. கயிற்றைப் பிடிக்கப் போன என்னையும் தள்ளினான். "என்னைக் கொன்னுட்டு அவரை அடிடா!" என்று கத்திவிட்டு, தலைவிரிகோலமாகத் தெருக்கோடி டாக்டர் வீட்டுக்கு ஓடினேன்.

ஊசியை எழுதிக் கொடுத்தவர் வேறு டாக்டர்; இவர் கன்னடக்காரர். செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார். உங்கள் வேர்வையைத் தொட்டுப் பார்த்ததும் தம்பி மேல் பாய்ந்தார்.

"ஏனப்பா இது? மனுஷனா நீ? கட்டு அவிழு! அம்மா, சக்கரை தண்ணி, பேக, பேக! சீக்கிரம்!"

கரண்டியை வாயில் வைத்தபோது அவர் விரலைக் கடித்தீர்கள். ரத்தம் வழிந்தது. அவர் கையை எடுக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிற்று. உங்கள் தலை நிமிர்ந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டு, "என்னை எதுக்குக் கட்டினேள்?" என்று குழந்தைபோலக் கேட்டீர்கள். தம்பி ஈரத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான்.

டாக்டர் உங்கள் கழுத்தைத் தடவினார், உதிர்ந்துபோன புருவ ஓரத்தைப் பார்த்தார், மண்டியிட வைத்துக் குதிகாலில் தட்டினார். "பைத்தியம் இல்லம்மா. கழுத்துல ஒரு சுரப்பி உண்டு, அது தூங்குது. அதனால உடம்பு முழுக்க மந்தம். ஊசி மருந்து சீக்கிரம் கரையாம உள்ளயே நிக்குது. இவர் சாப்பாடும் கம்மி. சர்க்கரை ஒரேயடியா கீழ போயிடுது. மூளைக்குத் தீனி இல்லேன்னா மனுஷன் மனுஷனா இருக்க மாட்டான். இந்த ரெண்டு நோயும் பல பேருக்குச் சேர்ந்தே வரும்" என்றார்.

மிருகத்தின் சுரப்பியிலிருந்து செய்த மாத்திரை என்று அவர் சொன்னதும் தம்பி என்னைப் பார்த்தான். "எதுலேர்ந்து வந்தா என்ன? குடுங்கோ" என்று கையை நீட்டினேன்.

ஊசியைக் குறைத்தார். மாத்திரையைத் துளியளவில் தொடங்கினார். உடம்பு விழிக்க விழிக்கச் சர்க்கரை ஏறியது. ஊசியை மறுபடி கூட்டினார். மாதக்கணக்கில் இந்த இழுபறி. ஒருநாள் உங்கள் பழைய குரலில் என்னைக் கூப்பிட்டீர்கள். அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

என் நெற்றித் தழும்பு எப்படி வந்ததென்று கேட்டீர்கள். மறைக்காமல் சொன்னேன். உங்களுக்கு எதுவும் ஞாபகமில்லை. அன்று நீங்கள் சாப்பிடவில்லை.

பிறகு ஒரு மழைநாள். பட்டறையில் உங்களை மறுபடி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். வேலைக்குக் கிளம்பினீர்கள். என் தலைக்கு மேலே ஆணியில் தொங்கிய குடைக்காகக் கையை உயர்த்தினீர்கள். நான் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு சுவரோடு ஒடுங்கினேன். உங்கள் கை பாதியிலேயே நின்றது. குடையில்லாமல் நனைந்துகொண்டே போனீர்கள்.

மறுநாளிலிருந்து, கையைத் தூக்கும் முன் சொல்லத் தொடங்கினீர்கள். "குடை எடுக்கறேன்." "மேல் தட்டு டப்பாவை எடுக்கறேன்." கடைசிவரை சொன்னீர்கள். "அப்பா ஏன் எல்லாத்தையும் சொல்லிண்டே செய்யறார்?" என்று பின்னால் பிறந்த நம் குழந்தைகள் சிரிப்பார்கள். நீங்களும் சிரிப்பீர்கள். நாம் அவர்களிடம் காரணம் சொல்லவே இல்லை.

இப்போதும் மகன் என் தலைமாட்டு விளக்கைப் போடக் கை நீட்டினால், என் கைகள் தாமாக முகத்துக்கு எழுகின்றன. "என்னம்மா?" என்கிறான். "விளக்கு போடறேன்" என்று உங்கள் குரல் சொல்வதற்காக ஒரு கணம் காத்திருக்கிறேன். பிறகு கைகளை இறக்கிக்கொள்கிறேன்.