அம்மா பெயரில் நகரும் கோடு

தி. நகர், சென்னை
வியாழக்கிழமை

அன்பு மகள் ஷண்முகப்ரியாவுக்கு அப்பா ஆசியுடன் எழுதுவது. இங்கே நான் நலம், முட்டி மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது, வேளச்சேரியில் உன் தம்பி வெங்கடேஷ் வீட்டிலும் எல்லோரும் நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருக்கவேண்டும் என்று செந்தூர் முருகனை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசுவதை விட்டு எதற்குத் தாளில் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நான் ஆரம்பித்தால் நீ சாப்பிட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா என்று இரண்டு கேட்டுவிட்டு சரி வைக்கிறேன் என்பாய், நானும் சரி என்று வைத்துவிடுவேன். அதனால் எழுதி நானே படம் எடுத்து அனுப்புகிறேன், கோணலாக இருந்தால் திருப்பிப் பிடித்துப் படித்துக்கொள். தாளும் கருப்பட்டியும் பார்சலில் பின்னால் வரும்.

கடையில் வியாபாரம் பரவாயில்லை. வெங்கடேஷ் பாதி நேரம் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு பாதி நேரம் எனக்குப் புத்தி சொல்கிறான். இந்த வீட்டைப் பூட்டிவிட்டு வேளச்சேரிக்கு வாங்க என்கிறான், மழைக்காலத்தில் அவன் வீட்டுக்கே படகு வேண்டும், அங்கே போய் நான் எங்கே உட்காருவது. அப்புறம் அந்தப் படம் பார்க்கிற ஆப்பை நிறுத்தச் சொல்கிறான். காசும் வாங்கிக்கிட்டு விளம்பரமும் போடுறான், இதை எதுக்குப்பா வச்சிருக்கீங்க என்கிறான். அதில் அவன் சொல்வது தப்பில்லை. முன்பு விளம்பரம் இல்லை என்று சொல்லித்தான் சேர்த்தார்கள், இப்போது பத்து நிமிடம் கதை ஓடினால் மூன்று விளம்பரம், அதுவும் செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் மனை விற்கிற அதே ஆள் அதே சட்டையில் அதே கையை நீட்டிக்கொண்டு வருகிறான். கதையில் ஒருத்தி கையை ஓங்கினால் அடி விழுவதற்குள் அவன் வந்துவிடுகிறான்.

ஆனால் அதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று வெங்கடேஷிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். நீ கடைசியாக வந்திருந்தபோது அந்த ஆப்பைப் போட்டு, எனக்குக் கரடிப் படமும் அம்மாவுக்கு மஞ்சள் கோழிப் படமும் வைத்து, கீழே தங்கம் என்று பெயர் எழுதிக் கொடுத்தாயே, அந்தக் கோழி இன்னும் இருக்கிறது. அம்மா அதில் ஒரே தொடரைத்தான் பார்த்தாள், அக்கா தங்கை இரண்டு பேர் ஜவுளிக்கடை நடத்துகிற கதை. கதைக்காக இல்லை, குறை சொல்வதற்காகவே பார்த்தாள். இப்படியா புடவை மடிப்பாங்க, நம்ம கடைல மடிச்சா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவேன் என்று டிவியைத் திட்டிக்கொண்டே பார்ப்பாள். ஐப்பசி மழையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது ஒரு பகுதியைப் பாதியில் நிறுத்திவிட்டுத்தான் எழுந்தாள். படத்துக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு வருமே, அது பாதியில் நின்றது. காரியங்கள் எல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் போனபிறகு தினமும் கடை கட்டி வந்து கோழியை அழுத்தி அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுவேன், ஓடவிடமாட்டேன். அவள் நிறுத்திய இடம் அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

தை மாதம் ஒருநாள் பார்க்கிறேன், கோடு கடைசி வரைக்கும் வந்திருக்கிறது. மறுநாள் அடுத்த பகுதியில் கோடு. வாசல் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தேன். பேரப்பிள்ளைகள் யாரும் வரவில்லை, சாவி என்னிடம்தான் இருக்கிறது. பயமாக இருந்தது என்று சொன்னால் பாதிதான் உண்மை, மீதிப் பாதி சந்தோஷம். கடைக்குப் போகும்போது அவள் நாற்காலிக்கு நேரே மின்விசிறியைச் சின்னதாக ஓடவிட்டுப் போனேன். திரும்பி வந்து பூட்டைத் திறக்கும்முன் ஒருதரம் இருமிவிட்டுத்தான் திறப்பேன். அந்த ஆப்பும் அவள் இருப்பது போலத்தான் நடந்துகொண்டது. கோழியை அழுத்தினால் நைட்டி விளம்பரம், தலைமுடிச் சாயம், நகைக்கடை. யாருமில்லாத கூடத்தில் அந்த நகைக்கடைக்காரன் தங்கம் தங்கம் என்று கூப்பிடும்போது நான் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்திருக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் டாக்டரிடம் கூட்டிப்போவார்கள், அல்லது பூசாரியிடம்.

போன திங்கட்கிழமை முட்டிவலி என்று மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன். டிவியைப் போட்டுக் கோழியை அழுத்தினால், இந்தக் கணக்கில் இப்போது தங்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்கமுடியும் என்று எழுத்து வருகிறது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாற்காலியைப் பார்க்கத் தைரியம் இல்லை. பதற்றத்தில் ரிமோட்டில் எதையோ அழுத்த, தங்கம் பார்ப்பது நிறுத்தப்பட்டது என்று வந்தது. அதைப் படித்ததும் எதிர்வீட்டு வஜீஹா கதவைப் போய்த் தட்டினேன். அவள் வீட்டிலிருந்தபடியே பாங்கு வேலை பார்க்கிறவள், காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். ஆப்புக்கு உள்ளே எங்கேயோ போய் எந்தெந்தக் கருவியில் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு, அங்கிள், பயப்படாதீங்க, நம்ம ப்ரியாதான், அவ ஊரு கேல்கரின்னு காட்டுது என்றாள். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்து, அங்க இப்ப நடுராத்திரி தாண்டியிருக்குமே, இவ தூங்கவே மாட்டாளா என்றாள்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. அன்று மின்விசிறியை நிறுத்திவிட்டேன். சாப்பிடவும் இல்லை. சாயங்காலம்தான் வஜீஹா சொன்ன அந்த நடுராத்திரி மனதில் தைத்தது. அங்கே தங்குகிற பர்மிட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்ததால் அம்மா காரியத்துக்கு நீ வர முடியவில்லை. அன்று வெங்கடேஷ் பிடித்த போனில்தான் அம்மாவைப் பார்த்தாய். உன் முகம் கொஞ்சமும் அசையவில்லை, படம் நின்றுவிட்டதோ என்று அவன் போனைத் தட்டிப் பார்த்தான். அதற்குப் பிறகும் நீ அழுது நான் கேட்டதில்லை. இந்தப் பெண்ணுக்கு மனசு கல்லாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன் தாயி. நீ தினமும் ராத்திரி விழித்து உட்கார்ந்து அம்மா விட்ட இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

திங்கட்கிழமையிலிருந்து கோடு நகரவில்லை. நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்து நிறுத்திவிட்டாய். அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். நிறுத்தாதே. இதில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது, அந்தத் தொடர் மாதக் கடைசியோடு போய்விடுமாம். சேனல்காரனுக்கும் ஆப்காரனுக்கும் பங்கில் தகராறு, இரண்டு பேரும் மாறி மாறி அறிக்கை விடுகிறார்கள், பார்க்கிறவர்களை ஒருத்தனும் கேட்கவில்லை. வேறே ஆப்பில் வருமாம், அதை வாங்கித் தருகிறேன் என்கிறான் வெங்கடேஷ். அவனுக்குப் புரியவில்லை, அங்கே எல்லாம் முதலிலிருந்து இருக்கும், அங்கே அம்மா எதையும் பார்த்திருக்கமாட்டாள்.

ஆகையால் நான் ஒரு ஏற்பாடு யோசித்திருக்கிறேன். தனியாக ராத்திரியில் பார்க்காதே. எங்கள் ஞாயிறு ராத்திரி உனக்கு ஞாயிறு காலை, நீ குளித்துக் காபி குடித்துவிட்டு உட்கார். கடையை வெங்கடேஷ் பார்த்துக்கொள்வான். நான் இங்கே கோழியை அழுத்தி டிவியைப் போட்டு, வீடியோவில் உன்னைக் கூப்பிட்டு அதற்கு எதிரே போனை நிமிர்த்தி வைக்கிறேன், நீ அதில் பார். மாதக் கடைசிக்குள் எவ்வளவு முடிகிறதோ அவ்வளவு, முடிவு தெரியாமல் போனால் அம்மாவுக்கும் தெரியாது, மூன்று பேருக்கும் ஒன்றுதான். கதை ஓடும்போது பேசக்கூடாது, உன் அம்மாவுக்குப் பிடிக்காது. விளம்பரம் வரும்போது பேசுவோம். அழவேண்டும் போல இருந்தால் நீ அப்போது அழு, நானும் அழுவேன், அந்த மனைக்காரன் போடுகிற சத்தத்தில் வெளியே ஒருத்தருக்கும் கேட்காது.

இன்று காலை டிவியைப் போட்டதும் ஆப்பில் ஒரு கேள்வி வந்தது. இந்தக் கணக்கு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும், கேல்கரியில் உள்ள கருவி உங்கள் வீட்டைச் சேர்ந்ததா, இல்லை என்றால் நீக்கிவிடுகிறோம் என்று. வஜீஹாவைக் கூப்பிடலாமா என்று பார்த்தேன், வேண்டாம் என்று நானே ஆம் என்பதை அழுத்தினேன். அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை, பல்பொடி விளம்பரம் போட்டான்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். கருப்பட்டி வந்ததும் சுக்கு தட்டிப்போட்டு இரண்டு பேரும் குடியுங்கள். ராத்திரி நேரத்தோடு படு, ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே. செந்தூரான் உனக்குத் தூக்கத்தையும் நிம்மதியையும் கொடுக்கட்டும்.

என்றும் உன் நினைவில்,
அப்பா
அய்யாதுரை