சித்தி ஆடாத மேளம்

பங்குனி 21, சனி

தேனி வசந்த கலைவிழாவுக்கு அப்பாவின் நையாண்டி மேளக் குழு சார்பாக இணையத்தில் விண்ணப்பம் நிரப்பியது நான்தான். இசை, நடனம் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடிந்தது. மேளம்தானே என்று இசையை அழுத்தினேன். சித்தி கரகம் ஆடுவார் என்று எழுத இடமில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை.

இன்று மாலை மேடைப் படியில் பட்டியலோடு நின்றவர் சித்தியை மட்டும் நிறுத்திவிட்டார்.

"இசைக் குழுன்னுதாம்மா இருக்கு. ஆட்டத்துக்கு அனுமதி இல்ல."

"ஏன்யா, கரகமில்லாம நையாண்டியா? பொண்ணு இல்லாமத் தாலி கட்டச் சொல்றீகளே!"

அவர் சிரித்தார், விடவில்லை. அப்பா மேலே உறுமி வாசித்தார். சித்தி கீழே கரகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சலங்கைக் கால் மட்டும் தாளம் போட்டது. இந்த மேடைக்காகவே மயிலாடும்பாறையிலிருந்து வந்திருந்தார்.

திரும்பும்போது பேருந்தில் என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"நீ ஏன் ஆத்தா கலங்குற? படிச்ச புள்ள, நீ சரியாத்தான் எழுதியிருப்ப. அவுகதான் ஆபீஸ்ல மாத்திப்புட்டாக."

இசையை அழுத்தியது நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். நாளை சொல்லலாம் என்றால், அதற்குள் சித்தி ஊர் முழுக்க விழாக்காரர்களைத் திட்டி முடித்திருப்பார்.